வாசலில் மணல் மூட்டை, கழிப்பறையில் வெள்ளம்: மழைக்கு முன் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருப்பவர்கள் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் விட்டுப்போன பழக்கம் அது. ஆனால் பார்த்து முடித்ததும் வாசலில் நாலு மணல் மூட்டையை அடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். தண்ணீர் வாசல் வழியாகத்தான் வர வேண்டுமா என்ன?

பல தரைத்தள வீடுகளில் அது முதலில் தலைகாட்டுவது கழிப்பறையில்தான். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பியதும், நம் வீட்டுக் கழிவு போகிற அதே குழாய் வழியாக எதிர்த்து ஏறி வரும். வாசலில் நிற்பதாவது பெரும்பாலும் மழைத்தண்ணீர். இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயில் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லி பிளம்பரிடம் கேளுங்கள். போட்ட பிறகு மறந்துவிடவும் கூடாது. உள்ளே துணியோ முடியோ சிக்கினால் வால்வு சரியாக மூடாது, அதனால் மழைக்காலத்துக்கு முன் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்று, வெள்ளத்தில் வால்வு மூடியிருக்கும்போது மாடியில் குளிப்பதும் துவைப்பதும் வேண்டாம். அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கீழ் வீட்டில்தான் பொங்கும். வால்வு இல்லாதவர்கள் கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டி கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறைத் தரைத்துளையிலும் அழுத்தி வைக்கலாம். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் சாமான்களை மேலேற்ற அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. எப்படியும் அழுக்குத் தண்ணீர் புகுந்துவிடும் என்று மழைக்கு முன்பே அதைக் காலி செய்பவர்கள் இருக்கிறார்கள். நிலத்தடி நீர் மேலேறும்போது காலித் தொட்டியைக் கீழிருந்து நெட்டித் தள்ளும்; விரிசல் விடலாம், பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்தே வந்துவிடும். நிரப்பி, மூடியின் விளிம்பை அடைத்து வையுங்கள். குடிக்கவும் புழங்கவும் மாடித் தொட்டியை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்தபின் சம்ப்பைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்ட பிறகே மோட்டாரைப் போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் சாக்கடைத் தண்ணீர் மாடித் தொட்டிக்கும் ஏறிவிடும்.

மின்சாரத்தில் எல்லோரும் மறப்பது இன்வெர்ட்டரை. தெருவில் கரண்ட் போய்விட்டது, மெயின் சுவிட்சையும் அணைத்தாயிற்று, இனி பயமில்லை என்று தண்ணீரில் இறங்குகிறோம். மூலையில் இருக்கும் பேட்டரி பிளக் பாயிண்ட்களுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் படியேறும் முன்பே இரண்டையும் அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்ச் போர்டைத் தொடவே வேண்டாம். வடிந்த பிறகும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஃப்ரிட்ஜை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

பத்திரங்களைப் பீரோவின் அடித்தட்டில் வைப்பது நம் பரம்பரை வழக்கம் போலிருக்கிறது. 2015-இல் தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. மேல் தட்டும் ஒரு ஜிப் பையும் போதும்.

சாலை விஷயத்தில் தவறு நம்முடையது மட்டுமில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. அதற்காக வாசல்படியை மட்டும் உயர்த்திக் கட்டுகிறோம். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறவும் அதுவே தடையாகிவிடும். படியை உயர்த்தினால் முற்றத்தில் ஒரு சிறு குழியும், தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஒரு பம்பும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வடிந்ததும் உடனே கழுவித் தள்ளத்தான் கை பரபரக்கும். காப்பீடு இருந்தால் முதலில் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் நனைந்த பொருட்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காலணி இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வருவது அப்படித்தான். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று வீட்டில் எவ்வளவு நெருக்கினாலும் சுவர் காயும் வரை பொறுங்கள். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் சித்திரைக்குள் உரிந்து கையோடு வரும்.