புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியும் படம் வரவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் பார்க்க வேண்டியவை

கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. உடனே கார்டு பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்டியிலிருந்தே பழுதாக வரும் கார்டுகள் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் கோளாறு கேபிளில் இருக்கும், அல்லது கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) அதைத் தாங்கும் தெம்பு இருக்காது. மதுரை டவுனில் வாங்கிக்கொண்டு ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறியவருக்கு, மறுபடி கடைக்குப் போய்வர அரை நாள் ஆகிவிடும். அங்கே கடைக்காரர் தன் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் பளிச்சென்று வரும். ஏனென்றால் அவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கிறது.

தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் ரேமையும் பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை அமைப்பு) ஒரே மூச்சில் மாற்றிவிட்டு படம் வந்தால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பினால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேபிள் எந்த ஓட்டையில் இருக்கிறது

கேபினட்டின் பின்புறம் இரண்டு இடங்களில் எச்டிஎம்ஐ இருக்கலாம். யுஎஸ்பி, ஆடியோ ஓட்டைகளோடு நெட்டுக்குத்தாக மேலே இருப்பது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பது கார்டுடையது. மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் தம்முடைய வெளியீட்டைத் தாமே அணைத்துவிடும். ஐ5-12400எஃப் போல பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள இன்டெல் பிராசஸர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. அங்கே மதர்போர்டு ஓட்டையில் செருகினால் எந்தக் காலத்திலும் படம் வராது.

மானிட்டரின் பட்டனை அழுத்தி, எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள். புதுக் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டைகளில் ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் நீலநிற 15 பின் விஜிஏ மானிட்டர்கள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. இப்போதைய கார்டுகளில் அந்த அனலாக் வெளியீடு அறவே இல்லை. இரு முனையிலும் பின் மட்டும் மாறும் சாதாரண கேபிள் இதற்கு உதவாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர் வேண்டும். கோளாறு தேடும் நேரத்திலாவது அதையும் தவிர்த்துவிட்டு, வீட்டு டிவியில் நேரடியாக எச்டிஎம்ஐ போட்டுப் பார்ப்பது நல்லது. செருகும்போது டிவி, கம்ப்யூட்டர் இரண்டும் அணைந்திருக்கட்டும். காரணம் கீழே எர்த் பற்றிய இடத்தில் வருகிறது.

ஸ்லாட்டில் முழுக்க இறங்கியதா

பிளக்கை சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினட் பவர் பட்டனை பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கார்டை முழுக்க வெளியே எடுங்கள். நீண்ட ஸ்லாட்டுகள் இரண்டு இருந்தால் பிராசஸருக்குப் பக்கத்தில் மேலே இருப்பதில்தான் கார்டு போக வேண்டும். கீழே இருப்பது பார்வைக்கு நீளமாக இருந்தாலும் பல மதர்போர்டுகளில் உள்ளே நான்கு லேன் (தரவு போகும் பாதை) மட்டும்தான் இருக்கும்.

ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் கொக்கியைத் திறந்து வைத்து, கார்டின் இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி ‘டக்’கென்று பூட்ட வேண்டும். தங்கநிறப் பட்டை வெளியே கோடுபோலக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. பலரும் கவனிக்காத ஒன்று: விலை மலிவான கேபினட்டுகளில் பின்புறத் தகடு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். ஸ்க்ரூவை முறுக்க முறுக்க கார்டின் மறுமுனை மேலே எழும்பிவிடும். ஸ்க்ரூ போட்ட பிறகும் ஒருமுறை உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கேபினட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஆன் செய்யுங்கள். படம் வந்தால் கார்டின் எடை அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு முட்டுக் கொடுத்தால் போதும்.

கை உள்ளே போய் வந்ததில் ரேம் லேசாகத் தளர்ந்திருக்கலாம். அதையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். மதர்போர்டில் சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (இங்கே கிராஃபிக்ஸ் கார்டு), பூட் என்று நான்கு குட்டி லைட் இருந்தால், எதில் நின்றுவிடுகிறது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். ஸ்பீக்கர் உள்ள கம்ப்யூட்டர்களில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் கேட்டால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பக்கம்தான் சிக்கல்.

எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிய வேண்டும்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெட்டியில் ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் கேட்கும், ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். கூட்டினால் 287. ஆன் செய்ததும் டெஸ்க்டாப் வரை வந்துவிட்டு, விளையாட்டைத் திறந்ததும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் வரும். அதற்கு மேல் வேண்டியதைக் கார்டின் மேலுள்ள இணைப்பு தர வேண்டும்: 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட். அந்த வயரைச் செருகாமலே ஆன் செய்கிறவர்கள் நிறைய. ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து கரண்ட் போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பிராசஸருக்கான 8 பின் வயரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். போகாத இடத்தில் பலத்தைக் காட்டித் திணிக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் இல்லையென்று சாட்டா வயரிலிருந்து மாற்றித் தரும் கன்வர்ட்டரை வாங்கிப் போடவே கூடாது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் 54 வாட்டுக்குத்தான் செய்யப்பட்டவை. அதில் 150 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். 8 பின் இல்லாத எஸ்எம்பிஎஸ், அந்தக் கார்டுக்கு ஆகாத எஸ்எம்பிஎஸ் என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது, கழற்றி மாட்டும் வகை என்றால் பழைய வயர்களை அப்படியே புதியதில் போடாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தப்பான பின்னில் 12 வோல்ட் ஏறினால் கார்டோடு ஹார்ட் டிஸ்க்கும் போய்விடும்.

கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனி வயர் கொடுங்கள், ஒரே வயரின் இரட்டை வால் வேண்டாம். புதிய பெரிய கார்டுகளின் 12 வோல்ட் 16 பின் இணைப்பு இடைவெளி சிறிதும் இல்லாமல் முழுக்க உள்ளே போக வேண்டும். முனையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை வயரை வளைக்காதீர்கள்.

சுவரில் வரும் கரண்ட்

கம்ப்யூட்டருக்குள் எல்லாம் சரியாக இருந்தும் வீட்டு வயரிங் கெடுத்துவிடலாம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற போர் மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் திரை கறுத்து மீண்டும் வருகிறதா, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? மோட்டார் தொடங்கும் கணத்தில் வோல்டேஜ் சட்டென்று இறங்குவதை, விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எம்பிஎஸ் தாங்காது. கார்டு வருவதற்கு முன் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் அப்போது சுமை குறைவு. ஒவ்வொரு தடவையும் எந்த நேரத்தில் நடக்கிறது என்று இரண்டு நாள் குறித்துப் பாருங்கள்.

யுபிஎஸ்ஸும் அப்படியே. சாதாரண 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டும் பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்துவிடும். சோதிக்கும்போது யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேரடியாக சுவர் பிளக்கில் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது எர்த். டெஸ்டரை கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்துப் பாருங்கள். லைட் மினுங்கினாலோ, வெறுங்காலோடு தொடும்போது சுருக்கென்றாலோ, அந்த பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கசியவிடும் மின்சாரம் பூமிக்குப் போக வழியின்றிக் கேபினட்டில் நிற்கிறது. ஏறத்தாழ 115 வோல்ட் வரை இருக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால் அது கார்டின் வெளியீட்டைச் சுட்டுவிடக்கூடும். டிவியோடு இணைக்கும்போது இரண்டையும் அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். எலக்ட்ரீஷியனை வரவைத்து முறையாக எர்த் வயர் இழுப்பதே வழி. பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வீட்டு நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறும், அது உயிருக்கு ஆபத்து.

பயாஸ்

கார்டைக் கழற்றினால் படம் வருகிறது, போட்டால் பயாஸ் திரையே தெரியவில்லை என்றால், மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை பிளக் பிடுங்கிய நிலையில் ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். டிடிஆர்5 ரேம் உள்ள கம்ப்யூட்டரில் இதன்பின் முதல் தடவை பல நிமிடம் கறுப்பாகவே நிற்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பொறுமையாக விடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் ‘சிஎஸ்எம்’ (பழைய பயாஸ் முறையில் ஓடவைக்கும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் சில புதுக் கார்டுகள் முகம் காட்டாது. அதை அணைத்து புதிய முறையான யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பழைய எம்பிஆர் பகிர்வு முறையில் இருந்தால் மாற்றியதும் விண்டோஸ் ஏறாது. முதலில் விண்டோஸ் 10, 11இல் உள்ள ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவியால் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள், அதற்கும் முன் முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் ரெக்கவரி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் பயாஸைத் தொடாதீர்கள். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கியவர்கள் பயாஸில் ‘ரீசைஸபிள் பார்’ (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் அணுக விடும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் அந்தக் கார்டு வெகுவாகத் தடுமாறும்.

டிரைவர்

படம் வருகிறது, ஆனால் எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன, ரெசல்யூஷன் மாறவில்லை என்றால் கார்டுக்குப் பிழையில்லை, டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இன்னும் ஏறவில்லை. முன்பு வேறு கம்பெனி கார்டு இருந்தால் பழைய டிரைவரின் மிச்சங்கள் இடைஞ்சல் செய்யும். புது டிரைவரை முதலில் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் கேபிளையோ வைஃபையையோ துண்டியுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தானாக ஒன்றை ஏற்றிவிடும். பிறகு சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் ஏறும் நிலை) பழைய டிரைவரை முழுக்க நீக்கும் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, புதியதை ஏற்றுங்கள். இவ்வளவும் செய்தபின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 43’உம் நின்றால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் படம் 60இலேயே ஓடினால், டிஸ்ப்ளே அமைப்பின் மேம்பட்ட பகுதியில் கையால் மாற்ற வேண்டும். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் சௌகரியம்.

சூடு

டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது கார்டின் ஃபேன் சுற்றவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஏறத்தாழ 50, 60 டிகிரி தாண்டும்வரை பல கார்டுகள் ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும். மே மாதம் அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையில் வெளியே 40 டிகிரி என்றால், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை அதற்குப் பெரிதாகக் குறைவதில்லை. கார்டு அந்தக் காற்றைத்தான் இழுத்துக் குளிர வேண்டும். கார்டின் விவரங்களையும் சூட்டையும் காட்டும் ஜிபியு-இசட் கருவியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். 83 டிகிரியை ஒட்டிப் போய் வேகம் இறங்கினால் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து மறுபடி ஓட்டுங்கள். ஐந்து, பத்து டிகிரி குறைந்தால் கேபினட்டுக்குள் காற்று நுழைய வழியில்லை, முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்தால் தீரும். கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைக்காதீர்கள்.

இன்னும் வரவில்லையென்றால்

கடைசிச் சோதனை, தெரிந்தவரின் நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள கம்ப்யூட்டரில் இந்தக் கார்டையும், உங்கள் கம்ப்யூட்டரில் அவருடைய கார்டையும் போட்டுப் பார்ப்பது. உங்கள் கார்டு அங்கேயும் வராமல், அவருடையது உங்களிடம் வந்தால் மட்டுமே கார்டு பழுது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ஜிபியு-இசட்டையும் ஓட்டுங்கள். பழைய சிப்பில் புதுப் பெயரை ஏற்றி விற்கும் போலிக் கார்டு என்றால், அது பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போது கார்டின் சீரியல் எண் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், ஹீட்சிங்க் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் படம் வராததை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பில், பெட்டி, கூட வந்த வயர் எல்லாம் சேர்த்து, கார்டை அது வந்த வெள்ளிநிறப் பையிலேயே போட்டு எடுத்துச் செல்லுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டால் பஸ் குலுக்கலில் உராய்ந்து நிலைமின்சாரம் உண்டாகும்.