கண்ட்ரோல்+கே-யில் கை வைக்கும் முன்

போன வாரம் பக்கத்து இருக்கைத் தம்பி ஒருவர், நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் தனக்கென்று ஷார்ட்கட் அமைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுத்தப்போன விசையைப் பார்த்ததும் "ஐயோ, அது வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டேன். நான் விழுந்த அதே குழி. ஷார்ட்கட் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய அதுவும் இன்னும் சிலவும் இங்கே.

இரட்டைத் தட்டலின் முதல் விசையைப் பிடுங்குவது

நானோ எடிட்டரில் கண்ட்ரோல்+கே அழுத்தினால் முழு வரியும் வெட்டுப்படும். அந்தக் கைப்பழக்கத்தில் விஎஸ் கோடிலும் வரியை நீக்க அதையே வைத்தேன். அங்கேயோ பல கட்டளைகள் கண்ட்ரோல்+கே-யில் தொடங்கி இன்னொரு தட்டலில் முடிபவை. விண்டோஸில் எல்லாக் கோப்புகளையும் சேமிக்க கண்ட்ரோல்+கே, அப்புறம் எஸ். ஷார்ட்கட் விதிகளை எடிட்டர் கீழிருந்து மேலாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். நாம் எழுதியவை கடைசியில் இருப்பதால் அவையே ஜெயிக்கும். இரண்டாவது தட்டலுக்கு அது காத்திருக்காது.

சேமிப்பதாக நினைத்துத் தட்டினேன். கர்சர் நின்ற வரி போய்விட்டது, கீழே இருந்த கமெண்ட்டுக்குள் (நிரலில் ஓடாத வெறும் குறிப்பு) ஒரு எஸ் விழுந்தது. போனது, மதிப்பு காலியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வரி. எஸ் கமெண்ட்டில் விழுந்ததால், நிரலை மொழிபெயர்த்துப் பிழை காட்டும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, நிரலில் என்ன மாறியது என்று காட்டும் கிட் டிஃப்பில்தான் அந்த ஒற்றை எழுத்து கண்ணில் பட்டது. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் வரியை நீக்க கண்ட்ரோல்+ஷிஃப்ட்+கே ஏற்கெனவே இருக்கிறது!

ஒரு விசையை எடுக்கும் முன், ஷார்ட்கட் பட்டியலின் தேடல் பெட்டியில் அதை மேற்கோள்குறி இல்லாமல் தட்டிப் பாருங்கள். குறி போட்டால் தனி விசையாக இருப்பவை மட்டும்தான் வரும், இரட்டைத் தட்டல்கள் மறைந்துவிடும். பட்டியலைத் திறக்கும் ஷார்ட்கட்டும் கண்ட்ரோல்+கே-யில்தான் தொடங்குகிறது. அதையும் கெடுத்துவிட்டீர்கள் என்றால் எஃப்1 அழுத்தி, கட்டளையின் பெயரைத் தேடித் திறக்கலாம்.

'வென்' நிபந்தனையை விடுவது

ஒரு ஷார்ட்கட் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது 'வென்'. அது இல்லாமல் கண்ட்ரோல்+என்டரில் டெஸ்ட் ஓடும்படி வைத்தால், கமிட் (மாற்றங்களை கிட்டில் பதிவது) செய்தி எழுதும் பெட்டியிலும் டெஸ்ட்தான் ஓடும், கமிட் ஆகாது. கர்சர் எடிட்டருக்குள் இருக்கும்போது மட்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

விம்மில் 'மேப்'

விம் எடிட்டரில் 'மேப்' என்று எழுதி ஷார்ட்கட் வைத்தால், அது தட்டும் விசைகளுக்கு வேறு ஷார்ட்கட் இருந்தால் அதுவும் கிளம்பிவிடும். பதிலுக்கு 'நோரீமேப்' எழுதுங்கள்.

டெர்மினலில் கண்ட்ரோல்+ஐ

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல்கள் பெரும்பாலானவற்றில் அதுவும் டேப் விசையும் ஒன்றே. தொட வேண்டாம்.