பழைய மாட்டெலும்பிலிருந்து டிஎன்ஏ எடுப்பது எப்படி

மாட்டின் பூர்வீகத்தைத் தேடும்போது பெரிய தொல்லை இன்றைய மாட்டின் டிஎன்ஏதான். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கலவையில் சேர்க்கும் பிஎஸ்ஏ புரதம் மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது. அருங்காட்சியகத்தில் எலும்பை ஒட்டிய பழைய வச்சிரப் பசையும் மாட்டுத்தோலைக் காய்ச்சியதாக இருக்கலாம். வச்சிரம் பூசிய எலும்பை ஒதுக்குங்கள். பிஎஸ்ஏ இல்லாத கலவையையே பயன்படுத்துங்கள்.

உட்காதைச் சூழ்ந்த பெட்ரஸ் எலும்பு கிடைத்தால் வேறெதையும் தொட வேண்டாம். அவ்வளவு அடர்த்தியான எலும்பு உடலில் வேறில்லை. வெப்ப நாட்டு மாதிரிகளுக்கு பெரும்பாலும் அதுதான் கதி. அறுக்குமுன் எல்லாப் பக்கமும் படமெடுத்து, முடிந்தால் சிடி ஸ்கேனும் செய்யுங்கள். ஒரு துண்டைக் கார்பன் காலக்கணிப்புக்கு எடுத்துவையுங்கள். மேல் மண்ணடுக்கின் எலும்பு எலிவளை வழியே கீழே இறங்கியிருக்கலாம்.

மேற்பரப்பைச் சுரண்டி நீக்கி, குறைந்த வேகத்தில் துளையிடுங்கள். வேகம் கூடினால் சூடேறி, மிஞ்சிய டிஎன்ஏவும் சிதையும். 50 மில்லிகிராம் தூள் போதும். 0.45 மோலார் இடிடிஏ (எலும்பின் கனிமத்தைக் கரைப்பது), மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம் புரோட்டினேஸ் கே (புரதத்தைச் செரிக்கும் நொதி) கலந்த கரைசல் 1 மில்லிலிட்டரில் இட்டு, 37 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிடுங்கள். பிறகு குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் ஐசோபுரோபனாலும் கொண்ட பிணைப்புக் கரைசலைப் பத்து மடங்கு சேர்த்து டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் சிலிக்கா வடிகட்டியில் இறக்குங்கள். அந்தக் கரைசலின் அளவைக் குறைத்தால் 50 டிஎன்ஏ எழுத்துக்கும் (ஏ, சி, ஜி, டி) குட்டையான துண்டுகள் நழுவிவிடும். தொல் டிஎன்ஏவில் பெரும்பங்கு அவைதான்.

ஒவ்வொரு தொகுதியிலும் எலும்புத்தூளே இல்லாத வெற்றுக்குழாய் ஒன்றும் கூடவே போகவேண்டும். அதில் மாட்டு டிஎன்ஏ தென்பட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் சந்தேகியுங்கள்.

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்தபின் 30 எழுத்துக்குக் குறைந்த துண்டுகளை நீக்குங்கள். அவை மரபணுத்தொகுப்பில் எங்கும் பொருந்திவிடும். துண்டின் முனைகளில் சி எழுத்து டி ஆக மாறியிருப்பதே பழமையின் முத்திரை. அது இல்லாத மாதிரி புதுக்கலப்பாக இருக்கலாம். அதே சிதைவு வம்சாவளிக் கணக்கையும் குழப்பும் என்பதால், ஒப்பீட்டில் டிரான்ஸ்வெர்ஷன் மாற்றங்களை (ஏ அல்லது ஜி, சி அல்லது டி ஆக மாறுவது, அல்லது அதன் மறுதலை) மட்டும் எடுங்கள்.

உட்கருவுக்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் டிஎன்ஏவோடு நிறுத்திவிடாதீர்கள். அது தாய்வழியை மட்டுமே காட்டும். 67 பழைய மாடுகளின் மரபணுத்தொகுப்பை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பக்கத்துத் திமில் மாட்டின் வம்சாவளி மேற்காசிய மந்தைகளில் திடீரெனப் பரவியது தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவோ பெரும்பாலும் உள்ளூர்த் திமிலற்ற மாட்டுடையதாகவே நீடித்தது. போனவை காளைகள், அவற்றின் தடம் உட்கரு டிஎன்ஏவில்தான் இருக்கிறது.