வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்க நியாயமான விதிமுறை: முதல்முறை வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு

யாரைக் குடிவைப்பீர்கள் என்று வீட்டு உரிமையாளர்களைக் கேட்டால், "ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பார்த்ததும் தெரிவது உடை, பேச்சு, நிறம், கூட வந்திருக்கும் குழந்தைகள் அவ்வளவுதான். மாதம் தவறாமல் வாடகை தருவாரா, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வாரா என்பது முகத்தில் எழுதியிருக்காது. ஆகவே முதல் விண்ணப்பம் கைக்கு வருவதற்கு முன்பே விதிமுறையை எழுதி முடித்துவிடுங்கள்.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் காரணத்துக்காக ஒருவரை மறுக்கக் கூடாது என்பது நாட்டுக்கு நாடு, சில இடங்களில் நகரத்துக்கு நகரம் மாறும். அமெரிக்காவில் 1968-இல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. பாலினம் 1974-இல் சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்க 1988 வரை ஆனது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வீடு வாடகைக்கு விடுவதற்கும் பொருந்தும். உங்கள் பகுதியில் என்ன சட்டம் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டம் பேசாத இடத்திலும் சாதி, மதம், திருமண நிலை ஆகியவற்றை விதிமுறைக்குள் நுழைய விடாதீர்கள். வாடகை வருவதற்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

படி 2: அளவுகோல்களை எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "நல்ல வருமானம்", "பொறுப்பானவர்" என்றெல்லாம் எழுதினால் ஆளுக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ள முடியும். எண்ணில் எழுதுங்கள்.

வருமானம் வாடகையைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. அது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளமா, கைக்கு வரும் தொகையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாடகை 100 என்றால் தேவையான வருமானம் 300. நண்பர்கள் இருவர் சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள், ஒருவருக்கு 160, மற்றவருக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 310, தேறிவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே தேற மாட்டார்கள். தம்பதியருக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு நண்பர்களுக்குப் பிரித்துப் பார்ப்பது அநியாயம். வாடகையில் 70-ஐ அரசு உதவித்திட்டம் செலுத்துகிறது என்றால், விண்ணப்பதாரர் தரவேண்டிய 30-க்கு மூன்று மடங்கு பார்ப்பதே சரி. சுயதொழில் செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அவருக்கு வங்கிக் கணக்கு அறிக்கையோ வரிக் கணக்கோ போதும் என்று எழுதிவையுங்கள்.

கடன் வரலாற்றை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டினாரா என்ற பதிவைப் பார்ப்பதென்றால், அதில் குறைந்த மதிப்பெண் இருப்பதையும் வரலாறே இல்லாததையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், நாடு மாறி வந்தவர் ஆகியோருக்கு வரலாறே இருக்காது. பழைய வாடகை ரசீதுகள் அல்லது ஜாமீன்தாரர் என மாற்று வழி கொடுங்கள். அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கட்டும்.

குற்றப் பின்னணியில், கைது வேறு, தண்டனை வேறு. என்ன குற்றம், எவ்வளவு காலம் ஆயிற்று, அண்டை வீட்டாரின் பாதுகாப்பை அது தொடுகிறதா என்று பாருங்கள். எத்தனை பேர் தங்கலாம் என்பதை அறைகளை வைத்துத் தலைக்கணக்காகச் சொல்லுங்கள். "குழந்தைகள் கூடாது" என்று எழுதாதீர்கள். செல்லப்பிராணிக்குத் தடை இருந்தாலும், பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயை அமெரிக்கச் சட்டம் செல்லப்பிராணியாகக் கருதுவதில்லை.

படி 3: எல்லோருக்கும் முன்கூட்டியே காட்டுங்கள்

விளம்பரத்தோடு விதிமுறையையும் கொடுத்துவிடுங்கள். ஒரே படிவம், ஒரே கட்டணம். தகுதி இல்லை என்று தெரிந்தவர் பணத்தையும் நேரத்தையும் வீணாக்க மாட்டார்.

படி 4: வீடு காட்டும்போது வாயைக் கவனியுங்கள்

எப்போது குடிவர விரும்புகிறார், எத்தனை பேர் என்று கேட்கலாம். "எந்த ஊர்க்காரர்?", "குழந்தை எப்போது?" போன்ற கேள்விகளை நீங்கள் அன்பாகக் கேட்டிருக்கலாம், மறுக்கப்பட்டவருக்கு அதுதான் காரணமாகத் தெரியும். ஒருவரிடம் "வீடு போய்விட்டது" என்று சொல்லிவிட்டு மறுநாள் இன்னொருவருக்குக் காட்டுவது மிகவும் கொடுமை. இதைக் கண்டுபிடிக்கவே அமெரிக்காவில் வீட்டுவசதியில் பாகுபாட்டை எதிர்க்கும் அமைப்புகள் ஒரே தகுதியுள்ள, ஆனால் இனம் போன்றவற்றில் வேறுபட்ட இருவரை வாடகைக்கு வருபவர்களைப்போல அனுப்பிச் சோதிக்கின்றன.

படி 5: வந்த வரிசையில் பாருங்கள்

முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த தேதியையும் நேரத்தையும் அதன் மேலேயே குறித்துவிடுங்கள். விதிமுறைகளை நிறைவு செய்யும் முதல் ஆளுக்கு வீடு. ஆவணம் குறைந்தால் எல்லோருக்கும் ஒரே கெடு, 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 6: முந்தைய உரிமையாளரிடம் விசாரியுங்கள்

இப்போதைய உரிமையாளர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தொல்லை தருபவரைக் கிளப்பிவிட வேண்டும் என்பதற்காகவே அவர் புகழக்கூடும். அவருக்கும் முந்தைய உரிமையாளருக்கு அந்த அவசரம் இல்லை. பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காமல் கேளுங்கள். "2 ஆண்டு இருந்தாராமே?" என்றால் "ஆமாம்" என்றுதான் வரும். "எப்போது வந்தார், எப்போது போனார்?" என்றால் அவர் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். வாடகை எத்தனை முறை தாமதமானது, முன்பணத்தில் ஏதாவது பிடித்தீர்களா, மறுபடியும் குடிவைப்பீர்களா என்ற மூன்றையும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதே சொற்களில் கேட்டு, பதிலை எழுதிவையுங்கள்.

படி 7: மறுத்தால் காரணம் சொல்லுங்கள்

பதிலே சொல்லாமல் விட்டுவிடுவது வீடு தேடி அலைபவருக்குப் பெரிய அவமானம். "வருமானம் 300 தேவை, உங்கள் ஆவணங்களில் 240 இருக்கிறது" என்று எழுத்தில் அனுப்புங்கள். அமெரிக்காவில் கடன் அறிக்கையை வைத்து மறுத்தால், அதைத் தந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் விண்ணப்பதாரர் அறிக்கையின் பிரதியை இலவசமாகப் பெறலாம், தவறிருந்தால் முறையிடலாம். அவசியமான ஏற்பாடு இது. ஒரே பெயர் கொண்ட இன்னொருவரின் கடன் இவர் கணக்கில் ஏறியிருப்பது உண்டு.

படி 8: ஆவணங்களைப் பூட்டி வையுங்கள்

தேறியவர், தேறாதவர் எல்லோருடைய படிவங்களும் உங்கள் குறிப்புகளும் சட்டம் சொல்லும் காலம்வரை பத்திரமாக இருக்கட்டும். பிறகு கிழித்து அழித்துவிடுங்கள்.

விதிமுறையை மாற்றவேண்டும் என்று நடுவில் தோன்றினால் மாற்றத்தை எழுதி, தேதி போட்டு, அடுத்த முறை வீடு காலியாகும்போது நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். இந்த முறை விண்ணப்பித்தவர்களைப் பழைய விதிப்படியே பாருங்கள்.