முழங்கால் ஆழச் சானலில் விராலும் கெண்டையும் பிடிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணையைத் திறந்து அனந்தனாறு சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் ஓடத் தொடங்கினால், வயலோரக் கிளைக் கால்வாய்களிலும் மீன் நடமாட்டம் தெரியும். குளங்கள் மறுகால் பாய்ந்தால் அங்கே வளர்த்த ரோகுவும் சாதாக் கெண்டையும் தப்பி வந்து சேரும். முழங்கால் ஆழம்தானே, கண்ணுக்குத் தெரிகிற மீனைப் பிடிப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். மீனின் கண்ணுக்கு நீங்களும் தெரிகிறீர்கள், அதுதான் கஷ்டம்.

முதலில் சாமான்கள். பத்தடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்குத் தங்கூசி (நைலான்) நரம்பு, சிறிய ஈயக்குண்டு, ஒரு தக்கை, இரண்டு அளவுகளில் தூண்டில் முள். கெண்டைக்குச் சிறிய முள்ளும் மெல்லிய நரம்பும் போதும். விராலுக்குப் பெரிய முள்ளும் தடித்த நரம்பும் வேண்டும்; கவ்வியதும் அது புதருக்குள்தான் இழுக்கும். விலை உயர்ந்த ரீல் தூண்டில் இப்போது வேண்டாம்.

அடுத்தது இடம். அவசரப்படாமல் கரையோரமாக ஒருமுறை நடந்து பாருங்கள். நேராக வேகமாக ஓடும் பகுதியை விட்டுவிடுங்கள். சானல் வளையும் இடத்தின் வெளிப்பக்கம், பாலத்தடி, படித்துறையின் கடைசிப் படி, மடையிலிருந்து தண்ணீர் விழுந்து குழி பறித்த இடம் ஆகியவற்றில்தான் கெண்டை நிற்கும். ஓடுகிற தண்ணீரில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து, தண்ணீர் வரும் மேற்புறம் பார்த்தே நிற்கும். ஆகவே நீங்கள் கீழ்ப்புறத்திலிருந்து, அதன் வால் பக்கமாக வர வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. செருப்பைக் கழற்றிவிடுங்கள், தொம்தொம்மென்று மிதித்தால் கரை அதிர்வது மீனுக்குத் தெரிந்துவிடும். நான் பழகிய புதிதில் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையோடு கரை மேட்டில் நின்றுகொண்டு, மீனே இல்லை என்று சானலைத் திட்டியிருக்கிறேன்.

கெண்டைக்கு இரை மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. அவித்த கிழங்கை மசித்து, தேங்காய்ப் பிண்ணாக்குத் தூளும் கொஞ்சம் மைதாவும் சேர்த்துப் பிசையுங்கள். புட்டு மாவு போல உதிரக் கூடாது, கொழுக்கட்டை மாவு போல முள்ளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கெண்டை தரையை முகர்ந்து மேயும் மீன் என்பதால் இரை மண்ணில் உரச வேண்டும். தக்கையை ஆழத்தைவிட நான்கு விரல் கூடுதலாக ஏற்றிக் கட்டுங்கள். குழிக்குச் சற்று மேற்புறம் போட்டு, நீரோட்டமே இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்க விடுங்கள். தக்கை துள்ளித் துள்ளி ஆடினால் பொடிமீன் கொத்துகிறது, பேசாமல் இருங்கள். சில நேரம் தக்கை அமிழாமல் மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும். இரையோடு ஈயத்தையும் கெண்டை தூக்கிவிட்டது என்று பொருள். அப்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும்.

விரால் வேறு சாதி. ஓட்டத்தில் நிற்காது, கைதை (தாழம்) புதரடியிலோ ஆகாயத்தாமரை ஓரத்திலோ பதுங்கி, அருகில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். காற்றை விழுங்க அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். அந்தக் 'களக்' சத்தம்தான் உங்களுக்கு அடையாளம். முள் மாட்டிய ரப்பர் தவளையை, அதாவது போலி இரையை, அங்கே இலைமேல் போட்டு, தத்தித் தத்தி இழுங்கள். விரால் பாய்ந்ததும் சுண்டத் தோன்றும். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சுண்டுங்கள்.

சிவந்த விரால் குஞ்சுகள் மேற்பரப்பில் கூட்டமாகக் கொதிப்பதைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். தாய் தந்தை இரண்டும் அடியில் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். குத்தகைக் குளங்களில் கேட்காமல் போடாதீர்கள். 2022-இல் ராம்சர் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளைப் பறவைகளுக்கே விட்டுவிடுங்கள். மழை பிடித்துச் சானல் கலங்கி ஏறினால் உடனே கரையேறிவிடுங்கள்.

விரால் கிடைத்துவிட்டால் வாளியைத் திறந்து வைக்காதீர்கள். எனது முதல் விரால் வாளியிலிருந்து துள்ளி, புல்லில் நெளிந்து நெளிந்து, என் கண்முன்னே சானலுக்குத் திரும்பியது. இப்போது ஈரச் சாக்கைப் போட்டு மூடி, மேலே ஒரு கல்லும் வைக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புச் சாம்பலைப் பூசித் தேய்த்தால் வழவழப்பு போய், அரிவாள்மனையில் வழுக்காமல் நிற்கும்.