மண் அரிப்பை அளக்க ஓர் ஆணியும் ஒரு வாஷரும்

சரிவான நிலத்தில் எவ்வளவு மண் கரைந்து போகிறது என்பதை அறிய, ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள மெல்லிய ஆணியில் தளர்வாக நகரும் ஒரு சிறிய வாஷரைக் கோத்து, வாஷர் தரையில் படியும்படி அடித்து, ஆணியின் தலைக்கும் வாஷருக்கும் இடைப்பட்ட உயரத்தை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள்.

வெறும் ஆணி இறுதி நிலையை மட்டுமே காட்டும். ஒரு மழை அரித்த இடத்தை அடுத்த மழை வண்டலால் மூடிவிட்டால், அங்கு எதுவுமே நிகழாதது போலத் தோன்றும். வாஷரோ மண் இறங்க இறங்கத் தானும் இறங்கி, பின்னர் படியும் வண்டலுக்கு அடியிலேயே நின்றுவிடுவதால், அரிப்பையும் படிவையும் தனித்தனியே அளக்க முடிகிறது. 1 மி.மீ. இழப்பு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு ஹெக்டேரில் அது 10 கன மீட்டர் மண், கன மீட்டருக்கு 1.3 டன் எனக் கொண்டால் 13 டன். அளவையில் நேரும் ஒரு மில்லிமீட்டர் பிழையும் அதே 13 டன்தான் என்பதால், ஒற்றை ஆணியை நம்பாமல், சரிவின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளில் பல ஆணிகளை அடித்துச் சராசரி காண்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வாஷர் தன் அடியிலுள்ள மண்ணை மழைத்துளியிலிருந்து காத்து மேடாக நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது அதன் விளிம்பை ஒட்டிய தரையிலிருந்து அளக்க வேண்டும்.

உழும் நிலத்துக்கும், கால்நடைகள் மிதிக்கும் இடத்துக்கும், வெயிலில் வெடித்து மழையில் உப்பும் களிமண்ணுக்கும் இம்முறை பொருந்தாது. ஆழமான ஓடைகளாக அரிபட்ட நிலத்தில் குறுக்குவெட்டு அளவுகளையே எடுக்க வேண்டும்.