மார்பிள் குயின் மணிபிளாண்ட்டை வீட்டுக்குள் வளர்ப்பது எப்படி?

நம் வீடுகளில் பரவலாக வளரும் மணிபிளாண்ட்டின் ஒரு வகைதான் பச்சையும் வெள்ளையும் கலந்த இலைகளைக் கொண்ட மார்பிள் குயின். இதன் இலையில் வெள்ளையாகத் தெரியும் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், அப்பகுதிக்கும் சேர்த்துப் பச்சைப் பகுதியே உணவு தயாரிக்க வேண்டியிருக்கிறது. வெளிச்சம், தண்ணீர், கத்தரிப்பு என இதன் பராமரிப்பு முழுவதையும் இந்த ஒரு காரணத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

முதல் வேலை இடத்தைத் தேர்வு செய்வது. கிழக்குப் பார்த்த சன்னலுக்கு அருகில், மூன்று நான்கு அடிக்குள் வைப்பது மிகவும் நல்லது. மேற்குச் சன்னல்தான் இருக்கிறது என்றால் மெல்லிய திரை ஒன்றைப் போட்டுவிடுங்கள். மாலை வெயில் நேரடியாகப் பட்டால் முதலில் கருகுவது வெள்ளைப் பகுதியே. நண்பகலில் செடிக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள். ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் வெளிச்சம் போதும். நிழலே விழாவிட்டால் அந்த இடம் இதற்கு இருட்டானது.

அடியில் துளையுள்ள 6 அங்குலத் தொட்டி தொடக்கத்துக்குப் போதுமானது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கமாக்கும் எடை குறைந்த வெண்ணிறக் குருணை) அல்லது கழுவிய மணல் 1 பங்கு என்ற அளவில் கலந்து நிரப்புங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஊறவைத்து, அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

கிழமை வைத்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் தென்படாதபோது மட்டும் துளை வழியே வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். முழுப்பச்சை வகையைவிட மெதுவாக வளரும் இச்செடிக்குத் தண்ணீரும் குறைவாகவே தேவைப்படுகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே அடியிலைகள் மஞ்சளாகின்றன என்றால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும். உரமாக, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலவையை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து, மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும்.

புதியவர்கள் பெரும்பாலும் தயங்குவது கத்தரிப்பில்தான். முழுப்பச்சை இலைகளோடு ஒரு கிளை கிளம்பினால், அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து செடியையே ஆக்கிரமித்துவிடும். அதன் தண்டில் கீழ்நோக்கிப் பார்த்து, வெள்ளைக் கோடு ஓடும் கணு எது என்று கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். புதிய துளிர் அந்தக் கணுவிலிருந்தே வரும் என்பதால் அதிலும் வெள்ளை கலந்து வர வாய்ப்பு அதிகம். முழுவெள்ளைத் துளிர் அழகாகத் தோன்றினாலும் தனியாக நட்டால் பிழைக்காது. புதிய செடி உருவாக்க இரு நிறமும் கலந்த தண்டையே வெட்டி எடுக்க வேண்டும். குறைந்தது ஒரு கணு தண்ணீரில் மூழ்கும்படி வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, வேர் 2 அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தென்பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

இச்செடியில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும் என்பதால் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள். வெட்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.